கை மாறிய இடம்

இராமதாஸுக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் மில் ஓடிய காலத்தில் துணியை விரலால் தடவியே, எந்த இடத்தில் ஷிப்ட் முடிந்து வேறு ஆள் தறிக்கு வந்தான் என்று சொல்லிவிடுவார். நெய்து வந்த துணியில் குறை பார்ப்பது அவர் வேலை. துணிக்கு நம்பர் ஒன்றுதான் இருக்கும்; நெய்தவர்கள் மூன்று பேர் இருப்பார்கள்.

மில்லை மூடினார்கள். மனுஷன் குடியில் இறங்கினார். புதுச்சேரியில் அதற்குக் கடைக்கா பஞ்சம்? வீடு திரும்பினால் மனைவி சின்னப்பாப்பா கிட்டே வந்து, "ஊதுய்யா" என்பாள். ஊதுவார். அவள் உள்ளே போய்விடுவாள். அவள் இறந்த வருஷம், அவள் விட்டுப்போன பைபிளைச் சும்மா புரட்டியபோது, உபாகமம் என்ற புத்தகத்தின் முப்பதாம் அதிகாரம் கண்ணில் பட்டது. வாழ்வும் சாவும் உன் முன்னால் இருக்கிறது, வாழ்வை எடுத்துக்கொள் என்று யூதர்களின் தலைவர் மோசே சொல்கிறார். இராமதாஸுக்குத் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அன்றோடு விட்டார். ஒன்பது வருஷம் ஆகிறது. "எனக்கு மோசேயே சொன்னாரு" என்பார், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அரியாங்குப்பம் சபையில் யூதர்களின் ஐந்து ஆகமங்களை, அதாவது பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களை, ஞாயிறுதோறும் வரிசையாக வாசிப்பது அவர் பொறுப்பானது. வாசிக்குமுன் "மோசே எழுதினது" என்று அறிவிக்க வேண்டும், அது சபை வழக்கம். அந்தப் பாழாய்ப்போன விரல் சும்மா இருக்குமா? பிரளயத்துக்குச் செய்த பேழைக்குள் எல்லா மிருகமும் ஒவ்வொரு ஜோடி என்கிறது ஓரிடம்; சுத்தமான மிருகமென்றால் ஏழேழு என்கிறது கொஞ்சம் தள்ளி. இங்கே கை மாறியிருக்கே என்று தோன்றும். வாயை மூடிக்கொண்டார். ஐந்தாவது ஆகமமான உபாகமத்தின் கடைசி அதிகாரம் வந்தது. அதில் மோசே செத்துப்போகிறார்; அவர் கல்லறை இன்றுவரை யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறது.

சனிக்கிழமை பாஸ்டர் விக்ரமிடம் போனார்.

"செத்தவரு தன் சாவ எப்படி பாஸ்டர் எழுதுவாரு?"

"அந்தக் கடைசி எட்டு வசனம் மட்டும் அவருக்கப்புறம் வந்த யோசுவா எழுதியிருப்பாரு, பிரதர்."

"இன்னிக்கு வரைக்கும்னு இருக்குதே. அது ரொம்ப காலம் கழிச்சி வந்தவன் பேச்சு. அப்ப முப்பதாம் அதிகாரம் யாரு கை?"

பாஸ்டர் வயதில் சின்னவர், நல்ல பிள்ளை. ஆனாலும் குரல் உயர்ந்தது. "தோண்டாதீங்க பிரதர். நாளைக்கு வழக்கம்போல சொல்லிட்டு வாசிங்க. இல்லன்னா வேற ஆள் வாசிக்கட்டும்."

இராமதாஸுக்குப் பயம் பாஸ்டரிடம் இல்லை. யார் பேச்சைக் கேட்டு ஒன்பது வருஷம் சாராயக்கடையைத் தாண்டி நடந்தோம் என்ற பயம்.

ஞாயிறன்று எழுந்து நின்றார். "உபாகமம், முப்பத்துநாலாம் அதிகாரம்" என்றார். சபை காத்திருந்தது.

"எழுதினது யாருன்னு எனக்குத் தெரியல."

பாஸ்டர் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஆற்றுப் பாலத்தில் போய் நின்றார். எதிர்க்கரையில் கடை திறந்திருந்தது. மூன்று மணி வரை அதையே பார்த்தார். வாய் ஊறியது, வெட்கமாகவும் இருந்தது. பிறகு திரும்பி நடந்தார்.

சேதி அவருக்கு முன்னால் வீடு சேர்ந்திருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் இனியா வாசலில் நின்றாள்.

"இவ்ளோ நேரம் எங்கப்பா போன?"

கேட்டுக்கொண்டே கிட்டே வந்து, அவர் முகத்துக்கு நேரே மூச்சை இழுத்தாள். ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அவள் அப்படிச் செய்ததில்லை.

இராமதாஸ் வாயைத் திறந்து ஊதிக் காட்டினார்.