நாலு தடவை விழுந்த மாணவன்

போன ஞாயிற்றுக்கிழமை நான் சினிமாவில் நடித்தேன். சிரிக்காதீர்கள்... வசனமெல்லாம் கிடையாது. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத்தான் கெடுத்துவிட்டேன்!

வியட்நாமில் நாங்கள் குடியிருக்கும் பூ மி ஹங் பகுதியில், எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்குத்தான் அழைப்பு வந்தது. வியட்நாம் சண்டைப் படம். அடங்காத மாணவர்களை ஒரு வாத்தியார் குங்ஃபூ சொல்லிக்கொடுத்துத் திருத்துகிறார். பெற்றோராக உட்கார நாலு வெளிநாட்டு முகங்கள் வேண்டுமாம். மாட்டேன் என்று முனகிய கணவரையும் இழுத்துக்கொண்டு ஷூட்டிங் நடந்த தூ டுக் பகுதிக்குப் போனேன். பட்டுப்புடவையில்தான். பின்னே?

காட்சி இதுதான். இருப்பதிலேயே மோசமான மாணவன் வாத்தியாரை உதைக்கப் பாய்வான். குறி தவறிப் பதினோரு படிகளில் உருண்டு எங்கள் காலடியில் விழுவான். நாங்கள் அசையாமல் பார்க்க வேண்டும். அவன் தானாக எழுவான்.

மாணவனாக உருள்பவர் லோங் என்ற ஸ்டன்ட்காரர். வயது இருபத்தெட்டாம், யூனிஃபார்மில் பார்த்தால் பத்தாம் வகுப்பு. அவர் தடதடவென்று வந்து விழுந்ததும், “ஐயையோ, பிள்ளைக்கு அடிபட்டுடுச்சே” என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடிவிட்டேன். கட்!

இரண்டாவது தடவை பாட்டிலை வாங்கி வைத்துவிட்டார்கள். வெறுங்கையோடு ஓடினேன். மூன்றாவது தடவை பாதி எழுந்து, நினைவு வந்து உட்கார்ந்தேன்... அதுவும் கட்தானாம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. லோங் முட்டியைத் தேய்த்துவிட்டு மறுபடி படியேறினார். லேசாக நொண்டினார். கணவர் என் காதருகே குனிந்தார்.

“விழறது அவன் வேலை. உட்கார்றது உன் வேலை. நீ ஓடுறதாலதான் அவன் திரும்பத் திரும்ப விழறான்.”

சுருக்கென்றது. என் மகனுக்கு நான் ஓடாத ஓட்டமா? ஹோம்வொர்க்குக்கு ஓடினேன். பிள்ளைச் சண்டைக்கு ஓடினேன். ஏன், முதல் இன்டர்வியூவுக்கே வாசல்வரை போய் நின்றேனே! அவன் எத்தனை தடவை என்னால் மறுபடி படியேறினானோ...

நான்காவது தடவை. லோங் உருண்டார். நான் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லோங் எழுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எழுந்தார். டேக் ஓகே!

எல்லோரும் கைதட்ட, லோங் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். பாட்டிலைக் கேட்கிறார்! ஓரமாக வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மடமடவென்று குடித்து முடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தச் சண்டைக் காட்சியில் நிஜமாகவே ரத்தம் வந்தது ஒருவருக்குத்தான் — மணிக்கட்டில் என் நகம் பதிந்த என் கணவருக்கு!