படித்துக் காட்டாத வாக்குமூலம்

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். வெட்டு, குத்து, மண்டையுடைப்பு என்று நடந்த அத்தனையும் அவர் விரல் வழியாகத்தான் காகிதத்துக்கு வந்தது. ஓய்வு பெற்றபோது ஆபீஸ் ஏலத்தில் ஒரு பழைய டைப்ரைட்டரை எடுத்து வந்தார். கூடவே சந்தேகமும் வந்தது. பால் பாக்கெட் நசுங்கியிருந்தால்கூட யார், எப்போது, எதற்கு என்று வீட்டில் விசாரணை நடக்கும்.

மகனுக்குக் கப்பலில் வேலை. மருமகளும் நாலு வயதுப் பேத்தியும் எங்களோடு இருந்தார்கள். மருமகள் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பவள், அதிர்ந்து பேசமாட்டாள். மாலை ஆறு மணிக்கு வந்து முகம் கழுவி ஹெட்போனை மாட்டிக்கொண்டால், அரை மணி நேரம் டிவியில் ஆட்களைச் சுட்டுத் தள்ளுவாள். பிறகு எழுந்து குழந்தைக்குத் தலை வாரிவிடுவாள்.

"நாள் முழுக்க இது தெரியுதா, அது தெரியுதான்னு கேட்டு மண்டை காயுது அத்தை. இதுல கொஞ்சம் இறங்கிடுது" என்பாள்.

எங்கேயோ ஒருவன் நாலு பேரைச் சுட்டுவிட்டான், அவன் இந்த மாதிரி வீடியோ விளையாட்டு ஆடுகிறவன் என்று பேப்பரில் வந்தது. அன்றே இவர் ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தியா? கை பழகிட்டா மனசும் பழகிடும். குழந்தைய இவகிட்ட தனியா விடாத."

நான் மட்டும் என்ன யோக்கியம்? காய் நறுக்கும் கத்தியை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அம்மா அடிப்பாளா என்று குழந்தையிடம் நைசாகக் கேட்டும் பார்த்தேன்.

"தலை வாரும்போது மட்டும் வலிக்கும்" என்றது குழந்தை.

அவர் டைப் அடிக்க உட்கார்ந்தார். 'மாலை 6.10. ஏழு பேர் சுடப்பட்டனர். மருமகள் சிரித்தார்.' இப்படி நாற்பது நாள், பதின்மூன்று பக்கம். அதை மகனுக்கு அனுப்புவது, அவன் மருமகளை அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொல்வது, குழந்தை எங்களிடமே வளர்வது என்பது அவர் திட்டம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் தொழில் புத்தி அவரை விடவில்லை. படித்துக் காட்டாத வாக்குமூலம் செல்லாதாம், படிக்கும்போது ஒரு வரியைக்கூடத் தாண்டக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை காலை மருமகளை எதிரே உட்காரவைத்துப் படிக்கத் தொடங்கினார். அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனால் எழுந்து போகவில்லை.

"அன்னைக்கு ஏழு பேர் இல்ல மாமா, ஒன்பது" என்று ஒரு இடத்தில் சொன்னாள். அவரும் பென்சிலால் திருத்திக்கொண்டார்.

ஒன்பதாம் பக்கம் வந்தது. "பதினெட்டாம் தேதி மாலை 5.40. மருமகள் இன்னும் வரவில்லை. குழந்தை என்னை நோக்கி விரலை நீட்டி டுமீல் என்றது. விளையாட்டின் பாதிப்பு இதனால் உறுதியாகிறது. கண்டிக்கும் பொருட்டு..."

நிறுத்திவிட்டார்.

அன்றைக்குத்தான் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது குழந்தையின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கட்டிலில் இடித்துக்கொண்டது என்று எங்கள் இருவரிடமும் இவர்தான் சொன்னார். நான் கட்டிலின் மூலைக்குப் பழைய துணியைச் சுற்றி வைத்தேன்.

"படிங்க மாமா" என்றாள் மருமகள்.

"கன்னத்தில்... அறைந்தேன். உதட்டில் ரத்தம் வந்தது."

எங்களிடம் கூசாமல் பொய் சொன்ன மனுஷனுக்குக் காகிதத்திடம் பொய் சொல்ல வரவில்லை. பதின்மூன்று பக்கத்திலும் நிஜமாக ரத்தம் வந்தது அந்த ஒரு வரியில்தான். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த வெட்கம் பெரிது. அம்மா அடிப்பாளா என்று கேட்டவள், தாத்தா அடிப்பாரா என்று கேட்கவே இல்லையே.

மிச்சப் பக்கங்களையும் அவள் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முடிந்ததும் பேனாவை எடுத்தாள்.

"இதுல யாரு கையெழுத்துப் போடணும் மாமா?"

"வாக்குமூலம் குடுத்தவங்க."

அவள் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். அவள் காகிதங்களை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கத்தியை டப்பாவிலிருந்து எடுத்துக் கழுவி, பழைய இடத்தில் வைத்தேன். மருமகள் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

"அங்க எதுக்கும்மா குழந்தைக்குக் கஷ்டம்? நான் பாத்துக்க மாட்டேனா?" என்றேன்.

"வேண்டாம் அத்தை" என்றாள், குழந்தைக்குச் செருப்பை மாட்டியபடி. "உங்ககிட்ட தனியா விட பயமா இருக்கு."