மீன்சுருட்டி வகுப்பறையில் நின்றுபோன கதை

என் தோழி கலா மீன்சுருட்டியில் ஆசிரியை. ஊர்ப் பெரியவர்களை வகுப்புக்கு அழைத்துக் கதை சொல்ல வைத்து, அதையே பிள்ளைகளை நடிக்க வைக்க ஆசைப்பட்டாள். "முத நாளு, நீ கூட இருந்தா தைரியமா இருக்கும்" என்றாள். 2006 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கும்போது காலை ஒன்பதே கால். ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்குப் பன்னிரண்டு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புண்ணியத்தில், எந்த நிறச் சேலையில் ஏறினாலும் வெள்ளைச் சேலையோடுதான் இறங்க வேண்டும். "ஜன்னல் சீட்டுதான் வேணும்னு கேட்டீங்களேம்மா" என்று கண்டக்டர் சிரித்தார். அங்கிருந்து மீன்சுருட்டிக்கு இன்னொரு பஸ், ஐந்து ரூபாய்.

கதை சொல்ல வந்தவர் ஆறுமுகம். அரியலூர்ப் பக்கம் கல் குவாரியில் உழைத்து ஓய்ந்தவர், மனைவியை இழந்து மூன்று வருடமாகத் தனியாக இருப்பவர். நான்கு முறை மறுத்துவிட்டு, கலாவின் நச்சரிப்பு தாங்காமல் சலவை வேட்டியில் வந்திருந்தார்.

கலா ஒரு தப்பு செய்திருந்தாள். பெரியவர் பேசும்போது மூச்சுவிடக் கூடாது என்று பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று தொடங்கிய ஆறுமுகம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நாற்பது பிள்ளைகளும் கைகட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். "அவருக்கு மழைன்னா பயம்." மறுபடியும் காத்திருந்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"புள்ளைவளுக்குப் புடிக்கல டீச்சர். நான் போயிட்டு வரேன்."

கதை மறந்துவிட்டது போலிருக்கிறது என்று கலா என் காதில் கிசுகிசுத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வாசலைத் தாண்டப் போகையில் முன்வரிசைச் செல்வி எழுந்தாள்.

"டீச்சர், நாங்க ம் கொட்டாம தாத்தா எப்புடி கதை சொல்லுவாரு?"

கேட்கிறவர் ம் கொட்டினால்தான் கதை நகரும். இதுகூடத் தோன்றவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. கலா தலையசைத்ததும் நாற்பது தொண்டைகள் ஒன்றாக "ம்ம்" என்றன.

திரும்பி வந்து உட்கார்ந்தார். மழைக்குப் பயந்த ராஜா நெல் கொட்டி வைக்கும் குதிருக்குள் ஒளிந்தார். ம். குதிரில் தண்ணீர் இறங்கி, ராஜாவின் தாடியில் நெல் முளைத்தது. ம். நடிக்கும் நேரம் வந்ததும் செல்வி ராஜாவானாள். குதிருக்கு எங்கே போவது? ஆறுமுகத்தையே நிற்க வைத்தார்கள். கைகளை அகல விரித்து, குதிராகவே நின்றார் மனிதர்.

சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். "வூட்ல அவதாங்க ம் கொட்டுவா. அவ போனப்புறம் செவுத்துக்கா சொல்றதுன்னு வுட்டுட்டேன்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: கதை வகுப்பு வெள்ளிதோறும் உண்டு; மதியம் இரண்டரைக்குள் பள்ளியில் இருங்கள், பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை. திரும்ப நாலே முக்காலுக்கு ஒரு பஸ் உண்டு. அதை நம்ப வேண்டாம். அன்று பஸ் வருவதற்குள் ஆறுமுகம் அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டார். நான் ம் கொட்டிக்கொண்டே பஸ்ஸைப் போகவிட்டேன்.