கண்மாய்க்கு மேலே நின்றவர்

என் அப்பா என்னை மறந்துபோனார். அது ஒரே நாளில் நடந்ததல்ல. முதலில் சாவியை வைத்த இடத்தை மறந்தார். பிறகு சாப்பிட்டதை மறந்தார். பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அப்பா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "யாரு இந்தப் புள்ள? நம்ம வீட்டுக்கு அடிக்கடி வருதே?" தூக்குவாளியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

பிரியமானவர்களே, என் பெயர் ரூபி. கீரமங்கலத்தில் என் கணவர் சாலமோன் நடத்தும் போட்டோ ஸ்டூடியோவில் நானும் வேலை பார்க்கிறேன். சபையில் சாட்சி சொல்ல ஆள் கேட்டால் உடனே தலையைக் குனிந்துகொள்கிறவள் நான். இதை மட்டும் சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை.

அப்பா கொத்தனார். ஆவுடையார்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் பாதிச் சுவர்கள் அவர் எழுப்பியவை. எங்கள் ஆலயத்தின் சுற்றுச்சுவரும் அப்படித்தான். மறதி வந்த பிறகும் விடிந்ததும் பூச்சுக் கரண்டியை வெள்ளைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். "காங்கிரீட் போடுறாங்க. நான் போகாட்டி ஆளுங்க சும்மா நிப்பாங்க" என்பார். அம்மா வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே சமைப்பார், துவைப்பார்.

நான் கேட்ட ஜெபம் ஒன்றுதான். பூரண சுகம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அப்பா என்னைச் சின்ன வயதிலிருந்து "ஆத்தா ரூபி" என்றுதான் கூப்பிடுவார். ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டால் போதும் என்றேன். உபவாசம் இருந்தேன். முழங்கால் வலிக்க வலிக்க மன்றாடினேன். பதில் இல்லை. வெறுத்துப்போய்விட்டது. கோவிலுக்குப் போவேன், பாட்டுப் புத்தகத்தைப் பிரிப்பேன், உதடு மட்டும் அசையும். உள்ளே நான் ஆண்டவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன்.

கடந்த சித்திரையில் ஒரு நாள் காலை, முந்தின நாள் எடுத்த கல்யாண வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தோம். அம்மாவிடமிருந்து போன்.

"ஆத்தா, ஒங்கப்பாவக் காணோம்டி. கஞ்சிய வடிச்சுட்டுத் திரும்புறேன், ஆளில்ல. பால்காரன் வந்தப்ப தொறந்த கதவப் பூட்டாம விட்டுட்டேன் போல. அய்யோ, நான் என்ன பண்ணுவேன்?"

பைக்கில் பறந்தோம். கிளம்பும்போது சாலமோன் ட்ரோன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கல்யாணங்களில் அவர் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பக்கத்திலேயே கேமராவோடு நின்றாக வேண்டும். அதனால் ட்ரோன் பறக்கவிடுகிற வேலை என் தலையில் விழுந்தது. ரிமோட்டின் மேல் என் போனை மாட்டுவேன். ட்ரோன் மேலிருந்து பார்ப்பதெல்லாம் அந்தத் திரையில் தெரியும். முந்தின நாள் கல்யாணத்தில் மற்ற பேட்டரிகள் காலியாகிவிட்டதால் சார்ஜ் உள்ளது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

டீக்கடை, பஸ் நிறுத்தம், புதிதாகக் கட்டுகிற வீடுகள் என்று மத்தியானம் வரை தேடினோம். எங்கும் இல்லை. ஆடு மேய்க்கிற மாரிக்கண்ணு அண்ணன் அப்போதுதான் ஊருக்குள் வந்தார். "மாமா காலையிலேயே கண்மாய்க்கரை மேல போனாரே. யாரோ கூட வாராங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். வற்றிப்போன கண்மாய் அது. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேல். பத்தடி தள்ளி ஒரு ஆள் விழுந்து கிடந்தாலும் தெரியாது. வெயிலோ நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

சாலமோனும் ஊர் ஆட்களும் அரிவாளோடு முள்ளுக்குள் இறங்கினார்கள். மாரிக்கண்ணு அண்ணனும் நானும் கரையில் நின்றோம். நான் ட்ரோனை ஏற்றினேன்.

இந்த இடத்தில் என் போனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து அது ஓயவில்லை. திருப்பூரிலிருந்து தம்பி, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகன், சபையின் ஜெபக்குழு அக்காமார், எல்லோரும் மாற்றி மாற்றி "கெடச்சுட்டாரா? கெடச்சுட்டாரா?" என்று கேட்டார்கள். எடுக்காமல் இருக்க முடியவில்லை. ஒருவேளை கண்டுபிடித்தவரே கூப்பிட்டால்? அன்பாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டே என் போனின் உயிரை உறிஞ்சிவிட்டார்கள். சார்ஜ் போடுகிற ஓட்டையில் ரிமோட்டின் வயர் இருந்தது. அதனால் பறந்துகொண்டிருக்கும்போது ஏற்றவும் வழியில்லை. சீக்கிரம் பார்த்து முடித்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

திரையில் கருவேல மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. எல்லாம் ஒரே சாம்பல் பச்சை. ட்ரோனின் பேட்டரியில் பாதி தீர்ந்திருந்தது. அப்போது ஒரு மரத்தடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கொக்கா, கிழிந்த சாக்கா, அப்பாவின் துண்டா? ட்ரோனை அதற்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். கொஞ்சம் கீழே இறக்கிப் பார்ப்போம் என்று விரலை வைத்தேன். திரை அணைந்துவிட்டது.

போன் அவ்வளவுதான். கருப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

ட்ரோன் பழகிய முதல் நாளே சாலமோன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: "போன் அணைஞ்சாலும் ட்ரோன் விழுந்துராது ரூபி. ரிமோட்டு அதப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். ஒனக்குத் தெரியலங்கிறதுக்காக அது இல்லாமப் போகாது. பதறாம கைய எடுத்துரு, அது நின்ன எடத்துலயே நிக்கும். அப்பறம் வீட்டுப் படம் போட்ட பட்டன அமுக்கு, கெளம்பின எடத்துக்கே வந்துரும்."

என் விரல் அந்தப் பட்டனுக்குப் போய்விட்டது. அழுத்தப்போகிற நேரத்தில்தான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டால் அந்த இடம் போய்விடும். அத்தனை கருவேல மரங்களில் எந்த மரத்தடி என்று மறுபடி எப்படிச் சொல்வேன்? ட்ரோன் அங்கேயே நின்றால்தான் அடையாளம்.

இரண்டு கட்டைவிரல்களையும் குச்சிகளிலிருந்து எடுத்தேன். காணிக்கைத் தட்டை ஏந்துவதுபோல ரிமோட்டை ஏந்திக்கொண்டேன். எதிர்வெயிலில் ட்ரோன் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. சத்தமும் கரை வரை கேட்கவில்லை.

"அண்ணே, அவருக்குப் போன் போடுங்க. மேல ட்ரோன் சத்தம் எங்கிட்டு கேக்குதோ அங்கிட்டுப் போகச் சொல்லுங்க!"

மாரிக்கண்ணு அண்ணன் தன் பட்டன் போனில் கத்தினார்: "மாப்ள, ஒங்க வண்டு எங்கேயோ நிக்குதாம். சத்தத்தப் புடிச்சுக்கிட்டே போங்க! நேரா அதுக்கு அடியிலதானாம்!"

பேட்டரி குறைந்தால் அந்த ட்ரோன் யாரையும் கேட்காமல் தானே திரும்பிவிடும். அது எனக்குத் தெரியும். அதுவரைதான் நேரம். பல மாதங்களுக்குப் பிறகு அப்போது ஆண்டவரிடம் வாய் திறந்தேன். மனப்பாடம் செய்த வசனம் ஒன்றுகூட வரவில்லை. "ஆண்டவரே, அத அங்கேயே நிறுத்தும். போக விடாதேயும்." திரும்பத் திரும்ப இதையே சொன்னேன். பக்கத்தில் மாரிக்கண்ணு அண்ணன் "கருப்பா, கருப்பா" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் என் அப்பாவுக்காகத்தான் அழைத்தார். அந்த நேரத்தில் எனக்கு அது எவ்வளவு துணையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ரிமோட் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. ட்ரோன் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். "வேணாம், வேணாம்" என்று அதனிடமே கெஞ்சினேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் வந்து, நல்ல பிள்ளை மாதிரி என் காலடியில் இறங்கி நின்றது. காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இதற்குக்கூட உமக்கு மனசில்லையா என்று சத்தமாகவே கேட்டேன். அவ்வளவு கோபம், அவ்வளவு அழுகை.

அப்போது மாரிக்கண்ணு அண்ணனின் போன் அடித்தது. சாலமோன்தான்.

"பாத்துட்டோம்! உயிரு இருக்குண்ணே, உயிரு இருக்கு! ரூபிகிட்ட சொல்லுங்க. நாங்க அடியில வந்து சேரவும் அது கெளம்பவும் சரியா இருந்துச்சு!"

ஊரிலிருந்து கட்டில் கொண்டுபோய் அப்பாவை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்து, உடம்பெல்லாம் முள் கிழித்திருந்தது. ஒரு கால் கோணிக் கிடந்தது. கரண்டி சுற்றிய துண்டை மார்போடு பிடித்திருந்தார். ஈரத்துணியால் வாயை நனைத்தேன். "அப்பா, நான் ரூபிப்பா. ஒங்க ரூபி வந்திருக்கேன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "நீ யாரு வீட்டுப் புள்ள ஆத்தா?" என்றார்.

என் நெஞ்சு உடைந்துபோனது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் உயிரோடு கிடைத்த சந்தோஷத்தின் நடுவிலும் அது என்னைக் குத்தியது. பிறகு அவர் என் கையைப் பிடித்து இழுத்து, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்:

"ஒருத்தரு மேல நின்னுக்கிட்டே இருந்தாரு. போயிராதீங்க சாமின்னு சொன்னேன். ஆளு வார வரைக்கும் போகல."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவர் உடம்பு ஆபரேஷனைத் தாங்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள். வீட்டுக்கே கொண்டுவந்தோம். அதன் பிறகு அப்பா எழுந்து நடக்கவில்லை. வாசல் கதவைப் பூட்டுகிற வேலை அம்மாவுக்கு இல்லாமல் போனது. அந்தச் சாவியைப் பார்த்தாலே அம்மா அழுதுவிடுவார்.

படுக்கையில் கிடந்த மாதங்களில் அப்பாவுக்கு நினைவில் தங்கியது அந்த ஒன்றுதான். பால்காரர், போதகர், மாத்திரை கொண்டுவரும் நர்ஸ் என்று யார் வந்தாலும் சொல்வார். "ங்ங்ங்னு ஒரு மாதிரி ரீங்காரம் போட்டுக்கிட்டே நின்னாரு" என்று சத்தத்தையும் செய்து காட்டுவார். ஒருமுறை சாலமோன், "மாமா, அது நம்ம ட்ரோ..." என்று ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன். போதகர் சிரித்துவிட்டார், நானும்தான். அந்த வீட்டில் அப்போது சிரிப்பு வந்ததே பெரிது.

எனக்கு அது ட்ரோன் என்று தெரியாதா? நான் பறக்கவிட்டதுதான். ஆனால் அது துண்டுக்கு நேர் மேலே வந்து நிற்கும்வரை என் திரை அணையவில்லை. ஆட்கள் போய்ச் சேரும்வரை அது அங்கிருந்து அசையவில்லை. இதில் என் திறமை என்று எதைச் சொல்வேன்? நான் செய்தது கையை எடுத்தது மட்டும்தான். தனியாக, முள்ளில், தாகத்தில் கிடந்த என் அப்பாவுக்குத் துணையாக ஒருவர் நின்றார் என்று அவர் சொன்னால், அதைத் திருத்த நான் யார்?

என் பழைய ஜெபத்துக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. அப்பா என்னை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. ஆண்டவரிடம் அதைக் கேட்காமல் விட்டதில்லை, இப்போதும் கேட்கிறேன். ஒன்று மட்டும் மாறிவிட்டது. பதில் தெரியவில்லை என்பதற்காக அவரோடு பேசுவதை இப்போது நான் நிறுத்துவதில்லை. காணாமல் போனவர்களைத் தேட யாராவது கூப்பிட்டால், கல்யாண வேலை இருந்தாலும் எங்களில் ஒருவர் ட்ரோனோடு போகிறோம். கரையில் நின்று அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்க எனக்குத் தெரியும்.

உங்களில் யாருக்காவது இப்போது எல்லாம் கருப்பாக இருக்கலாம். கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கலாம். ஆறுதலாகப் பேச எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக அவர் அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் கட்டியிருந்தேன்.

ஐப்பசி மழையில் அப்பா கடந்துபோனார். அன்று சாயங்காலம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கண்ணைத் திறந்தார். பக்கத்தில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு பிள்ளை.

"ஆத்தா, அவரு இன்னும் நிக்கிறாரா?"

ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"நிக்கிறாருப்பா" என்றேன்.