எடைமேடையில் ஐம்பது கிலோ

பேயைப் பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால் "எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டு வாயை அடைப்பவள் நான். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் ஒன்பது வருஷமாக எடைமேடைக் கிராணியாக, அதாவது எடை எழுதும் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கிராணி நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும், எண் விழும், சீட்டு அடிப்பேன். கண்ணால் பார்த்த எண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

போன வருஷம் நான் ஏழு வாரக் கர்ப்பம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கியது. என் வீட்டுக்காரர் சரவணனைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடிவதற்குள் வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேயை நம்பாதவள் கண்ணேறை மட்டும் எப்படி நம்பினாய் என்று கேட்காதீர்கள், ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு எல்லாவற்றையும் நம்பத் தோன்றும். கிளினிக்கில் பதிந்தால் அங்கே வேலை செய்கிற சொந்தக்காரப் பெண் வழியாக லயம் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று ஸ்கேனுக்குக்கூடப் போகாமல் தள்ளிப்போட்டேன்.

அன்று காலை உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை. கைப்பேசியில் தேடினேன். ஆரம்ப வாரங்களில் லேசாக ரத்தம் படுவது பலருக்கும் உண்டு, அதற்குப் பிறகும் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறவர்கள் நிறையப் பேர் என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அடுத்த வரியிலேயே உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று இருந்ததைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டேன். அதிகமாக வந்தால் ஆபத்து, கொஞ்சமாக வந்தால் பரவாயில்லை, எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். ஒரு பேட் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

மில்லில் அன்று பாய்லர் பராமரிப்பு, அதனால் லோரி வரத்தே இல்லை. மதியம் பன்னிரண்டரை இருக்கும், அடிவயிற்றில் இடப்பக்கம் மட்டும் இழுத்துப் பிடித்தது. யாராவது பார்த்து என்ன ஏது என்று கேட்டுவிடக் கூடாதே என்று அறைக் கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை இறக்கிவிட்டு மேசையில் தலை சாய்த்தேன். அப்போதுதான் மேசைமேல் இருந்த எடைப் பெட்டியில் எண் மாறியது. சுழியாக இருந்தது ஐம்பது கிலோ என்று காட்டியது. எங்கள் தராசு பத்துப் பத்தாகத்தான் ஏறும், பூனை ஓடினால்கூட அசையாது, ஓர் ஆள் ஏறி நின்றால்தான் ஐம்பது வரும். திரையை விலக்கிப் பார்த்தால் மேடையில் ஒரு காய்ந்த மட்டைகூட இல்லை. வெயில்தான் கொளுத்திக்கொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. போன வாரம் சரிபார்த்து முத்திரை குத்திய தராசு, என் தராசு, பொய் சொல்வதா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து விடுவிடுவென்று போனேன். மேடையில் கால் வைத்ததும் வலது தோள்பட்டை நுனியில் சுருக்கென்று வலித்தது, கண் இருட்டியது. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

அந்த வழியாக வெறும் லோரியில் போன மணியம் அண்ணன்தான் என்னைப் பார்த்திருக்கிறார். "ஐயோ, நம்ம கிராணி கெடக்குது லா! ஓடியா, ஓடியா!" என்று வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி லோரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "நீ உள்ளயே படுத்திருந்தா சாயங்காலம் வரைக்கும் யாருக்கும்மா தெரியும்? திரைய வேற எறக்கி வச்சிருந்தியே" என்று பிறகு அவர் சொன்னார்.

கரு கருப்பையில் இல்லை, இடது கருக்குழாயில் தங்கி வளர்ந்து, குழாய் வெடித்துவிட்டது. "வெளிய வந்தது கொஞ்சம்தான்மா, வயித்துக்குள்ளதான் அவ்வளவும் ரத்தம்" என்றார் டாக்டரம்மா. "அது மேல ஏறி அழுத்துனா தோள்ல வலி தெரியும். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா உங்கள காப்பாத்தியிருக்க முடியாது." அந்தப் பிள்ளையை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாதாம், அது இருந்த இடம் அப்படி. அழுதேன், இப்போதும் அழுகிறேன்.

ஆனால் அழுதுகொண்டே சும்மா இருக்கவில்லை. எங்கள் லயத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் கல்யாணமான பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் போய், "நாள் தள்ளிப்போயி ரத்தம் பட்டா, எவ்வளவுன்னு பாத்துக்கிட்டு உக்காராத, கரு எங்க இருக்குன்னு போயி பாரு" என்று சொன்னேன். கண்பட்டுவிடும் என்று முணுமுணுத்தவர்களிடம், கண்பட்டு இல்லை, வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் நான் சாகப் பார்த்தேன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். மூன்று பேர் போய்ப் பார்த்தார்கள். ஒருத்திக்குக் கரு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, இப்போது அவள் மகன் தவழ்கிறான். அவனைத் தூக்கும்போது கிராணி வேலை கிடைத்த நாளில்கூட வராத பெருமை எனக்கு வருகிறது.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அறுவை முடிந்து ஆறு வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, ஆபீசில் இருக்கிற விஜயா அக்கா கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினாள். மேடைக்கு வெளியே இருக்கும் சிவப்பு எண் பலகையும் அதில் தெரியும். நான் விழுந்து கிடக்கிறேன், பக்கத்தில் யாருமில்லை, பலகையில் நூறு. என் எடை ஐம்பத்திரண்டு. பதினொரு நிமிடம் அந்த நூறு அப்படியே நின்றது. பிறகு மணியம் அண்ணனும் ஜாகாவும் ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள், எண் மறுபடியும் ஐம்பது. வெறும் மேடை. விஜயா அக்கா வந்து பார்த்துவிட்டு, தராசு கோளாறு என்று அட்டை மாட்டிவிட்டுப் போகிறாள். மூன்று நாற்பத்திரண்டுக்கு யாரும் தொடாமலே சுழி. மறுநாள் வந்து சோதித்தவர்கள் தராசில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

"உன் புள்ளதான்டி உன்கூட உக்காந்திருந்துச்சு" என்றாள் விஜயா அக்கா, கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏழு வாரத்துப் புள்ள ஒரு பயறு அளவுதான்க்கா. அம்பது கிலோ இல்ல" என்றேன். வெடுக்கென்று சொல்லத்தான் நினைத்தேன், குரல் உடைந்துவிட்டது.

அறுவை முடிந்து, பிழைத்துவிட்டாள் என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்ன நிமிடமே சரவணன் என் தங்கைக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அனுப்பிய நேரத்தோடு அது இன்னும் அவர் கைப்பேசியில் இருக்கிறது. ராத்திரி அந்தக் கைப்பேசி என் தலைமாட்டில்தான் கிடக்கும். அந்த மூன்று நாற்பத்திரண்டோடு ஒத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஆனால் இத்தனை வருஷத்தில் நான் ஒத்துப் பார்க்காமல் விட்ட எண் அது ஒன்றுதான்.