எதையும் பார்க்காத சித்தி

எதையும் பார்க்காமல் இருப்பதில் சித்தியை வெல்ல இந்தப் பூமியில் ஆள் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் சித்தி அவரைப் பார்த்திருக்க மாட்டாள்.

அவள் கூட்டிப் பெருக்கும் அலுவலகத்தில் அதுதான் பிழைக்கும் வழி. குழாய் ஒழுகுகிறது என்று வாய் திறந்த காவலாளியை, "நீ ஏன்யா அதைத் தொட்ட?" என்று குடைந்தெடுத்துப் பின்வாசலுக்குத் தூக்கியடித்தார்கள். குழாய் இன்னும் ஒழுகுகிறது. அதன்பிறகு மாடிப்படியின் கைப்பிடிக் கம்பி விழப்போகும் பல் மாதிரி ஆடியபோது, எல்லோரும் அதைப் பிடித்து ஏறினார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. தண்ணீர் வாளியோடு ஏறி இறங்கும் சித்தியும்தான். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஒருநாள் இடுப்பு போகும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

புதிதாக வந்த மேலாளர் பராமரிப்புக் கொள்கையையே மாற்றப்போவதாகக் கூட்டம் போட்டார். "பழுது எதைப் பார்த்தாலும் பயப்படாம சொல்லுங்க. சொல்றவங்க பேரை மட்டும் குறிச்சுக்குவோம்."

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பார்வை மங்கியது.

மறுநாள் காலை படியின் குறுக்கே ஒரு நீலக் கயிறு. அதில் தொங்கிய அட்டையில், 'பழுது. ஏறாதே.'

"யார் கட்டினது?" என்றார் மேலாளர். யாரும் பார்க்கவில்லை.

"சரி, அவுத்துடுங்க."

எழுத்தர் தன் நகத்தை ஆராய்ந்தார். "அவுத்தப்புறம் எவனாவது விழுந்தா, அவுத்தவன் தலையில வந்து விடியும் சார். நீங்களே அவுத்துடுங்களேன்."

மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சித்தியிடம் திரும்பினார். "ஏம்மா, நீதானே முதல்ல வர்ற?"

"நான் தரையைப் பார்த்துப் பெருக்குறவ சார்."

கட்டியவரும் இல்லை, அவிழ்ப்பவரும் இல்லை. பெரிய மனிதர்கள் கட்டடத்தைச் சுற்றிப்போய்ப் பின்படியில் மூச்சிரைக்க ஏறினார்கள். மேலாளரின் முழங்கால் வீங்கிய பிறகுதான் கொள்கைக்குப் புத்தி வந்தது. வெல்டிங்காரர் வந்தார், கம்பியைப் பற்றவைத்தார், கயிற்றையும் யாரையும் கேட்காமல் அறுத்துப் போட்டார்.

அத்தனை நாளும் வீட்டில் புடவையைக் கதவின்மேல் காயப்போட்டவள், அன்று மாலை ஈரப் புடவையோடு அக்கா மகளிடம், அதாவது சில மாலைகளில் அலுவலகத்துக்குப் போய் அவளுக்கு வாளி தூக்கிக் கொடுக்கிற, இதை எழுதுகிறவளிடம் வந்து நின்றாள்.

"துணி காயப்போடுற நம்ம நீலக் கயிறு எங்கடி?"

"காத்துல போயிருக்கும் சித்தி."

"காத்து உன்னை மாதிரியே முடிச்சுப் போடுது." சித்தி புடவையை உதறினாள். "ரெண்டு கையையும் நீட்டு. காயிற வரைக்கும் அசையாம நில்லு."