தாடிக்கொம்புப் பக்கம் ஒரு சட்டி வீடு

1962 வைகாசி. காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். தாடிக்கொம்புக்கு ஐந்து மைல், டிக்கெட் இருபது நயா பைசா. சட்டி வீட்டுக்கு வழி கேட்டதும் பஸ்ஸே சிரித்தது.

"விழுகுறதுக்குள்ள பாத்துட்டு வந்துருங்க சார்" என்றார் கண்டக்டர்.

வீட்டைக் கட்டிய ஆசீர்வாதம் என்னோடு கல்லூரியில் படித்த இன்ஜினியர். நேர்கோடு என்றாலே அவருக்கு ஆகாது. மரத்தை வெட்டாமல் சுவரை வளைப்பார். பாறையை உடைக்காமல் அதன்மேலேயே படி வைப்பார். அந்தந்த நிலத்து மண்ணைக் குழைத்தே சுவர் எழுப்புவார். வீடு கட்டித்தரச் சொல்லி ஆசையாக வந்தவர்களெல்லாம் வரைபடத்தைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். துணிந்து நின்றவர் கத்தரித் தோட்டக்காரர் பெரியசாமி ஒருவர்தான். அன்று அவருடைய அந்தப் புது வீட்டில் பால் காய்ச்சு.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு வேப்பமரத்தைச் சுற்றி, சட்டியைக் கவிழ்த்தாற்போல் மூன்று செங்கல் கூரைகள். தாங்குவதற்கு உத்தரம் ஒன்றுகூட இல்லை. அதுதான் வம்பு. பெரியசாமியின் மனைவி பேச்சியம்மாள் பால் சொம்போடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உத்தரம் இல்லாத வீட்டுல எம்புள்ளைகளப் படுக்க வைக்க மாட்டேன். மாடு போகட்டும். அது மெரண்டு திரும்புச்சுன்னா நானும் பழைய வீட்டுக்கே போறேன்."

புது வீட்டுக்குள் முதலில் பசுவை விடுவது வழக்கம்.

"இந்தம்மா உள்ள போகலைன்னா இனி யாரும் எனக்கு வீடு கட்ட நெலம் தரமாட்டாங்கப்பா. ரோடு கான்ட்ராக்டுக்குத்தான் போகணும்" என்று ஆசீர்வாதம் என் காதருகே சொன்னார்.

ஒன்பது மணியோடு நல்ல நேரம் முடிகிறது. பசு வளைவு வாசலை முகர்ந்தது, பின்வாங்கியது. பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே நடந்து ஒரு சுற்று வந்து சாணி போட்டது. கூட்டத்துக்குச் சந்தோஷம். அதோடு வெளியே வர வேண்டியதுதானே? வெளியில் வெயில் கொளுத்துகிறது, உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. அடுப்புக்காகக் கோலம் போட்டிருந்த இடத்தில் காலை மடக்கிப் படுத்துவிட்டது. பெரியசாமி கயிற்றை இழுத்தார், வாலைத் திருகினார்.

"நேரம் போகுது, எந்திரி தாயி" என்று கெஞ்சினார். மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் செத்த நேரம் மாட்டையே பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

"அது கெடக்கட்டும். அடுப்ப இங்கிட்டு மூட்டுங்க."

பால் பொங்கியபோது ஆசீர்வாதம் மரத்துக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் அந்த வீட்டில் விசிறி இல்லாமல் இரண்டு மணி நேரம் தூங்கினேன். சென்னையில் என் வீட்டுச் சுவர்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. வைகாசியில் அங்கே தூக்கம்தான் வராது.

நான்கு மணி பஸ்ஸில் ஆசீர்வாதமும் என்னோடு திரும்புவதாக இருந்தது. இருவரும் கிளம்பும்போது பக்கத்துத் தோட்டக்காரர் ஆசீர்வாதத்தின் முன்னால் வந்து தயங்கி நின்றார்.

"எங்க நெலத்துல பெரிய பாறை ஒண்ணு கெடக்கு சார். ஒரு எட்டு வந்து பாக்குறீகளா?"

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் திண்டுக்கல்வரை காலியாகவே வந்தது.